தோட்டத்துக்கு மேலே உள்ள வானத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: பனிமலையான், தலவாக்கலைப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஏற்பட்ட ஒரு சிக்கலைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்களிடமும், ட்ரோன் கமரா பறக்கவிட்டுப் பழகியவர்களிடமும் விளக்கம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இப்போது எங்கள் குடும்பம் அதே டிவிஷனின் ஓரத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டித் தந்த வீட்டில் இருக்கிறது. வீடு இருக்கிறதே தவிர, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. கடந்த ஆண்டு சேமித்த பணத்தில் 249 கிராம் நிறையுள்ள ஒரு சிறு ட்ரோனை வாங்கினேன். ஊரை ஒருமுறை மேலிருந்து பார்க்க வேண்டும், என் தாத்தா கவ்வாத்து வெட்டிய மலையையும் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், நான் வளர்ந்த பிள்ளைக் காம்பராவையும் படம் பிடித்து அம்மாவிடம் காட்ட வேண்டும் என்பதற்கு அப்பால் எனக்கு வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

மாட்டுப்பொங்கலன்று காலையில் பனி விலகியதும், மாரியம்மன் கோயில் முன்றலிலிருந்து அதை மேலே எழுப்பி, ஐந்தாம் நம்பர் மலையையும் கீழ் லயத்துக் கூரைகளையும் சுமார் கால் மணி நேரம் படம் பிடித்தேன். அதற்குள் தோட்டத்து வாச்சர் மூச்சிரைக்க ஏறி வந்து, தன் கைபேசியை என் காதில் வைத்தார். மறுமுனையில் சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர். தோட்டம் கம்பனியுடையது, அதன் மேலே பறப்பதற்கும் கம்பனியின் எழுத்துமூல அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பொலிசில் முறையிடுவேன் என்றார். பெருநாள் அன்று வாக்குவாதம் வேண்டாமென்று இறக்கிவிட்டேன்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது மாலையில் நடந்ததுதான். கீழ் லயத்து அக்கா ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, காலையில நாங்க பீலியில குளிச்சிக்கிட்டு இருந்தோம், ஒங்க மெசின் தலைக்கு மேலேயே நின்னுச்சே, அதுல என்னா எல்லாம் புடிச்சீங்க?" என்று கேட்டார். பதிவை அவருக்கே போட்டுக் காட்டினேன். பீலிக்கரை, அதாவது மலைத் தண்ணீர் விழும் குளிக்கும் இடம், ஏறத்தாழ நான்கு விநாடிகள், விரல் நகம் அளவில் தெரிந்தது. அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். காணி யாருடையதோ வானமும் அவருடையது என்பது சட்டப்படி சரியா? துரையின் அனுமதி இருந்தால் மட்டும் போதுமா, அல்லது அது தேவையே இல்லையா? அடுத்த முறை கோயில் முன்றலை விட்டுவிட்டு எங்கள் 7 பேர்ச்சஸிலிருந்தே எழுப்பினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது எவ்வளவு தூரம் சரி?


மறுமொழி: கறுப்புக்கோட்டு, ஹட்டன்

வணக்கம். நான் சட்டத்தரணி, ஆயினும் இங்கே எழுதுவது பொது விளக்கமே தவிர, உங்கள் விடயத்துக்கான சட்ட ஆலோசனை அன்று. சின்னத்துரை சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. எந்தப் பாதி சரி என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

நிலம் யாருடையதோ, மேலே வானம் வரையிலும் கீழே பாதாளம் வரையிலும் அவருடையதே என்று ஒரு பழைய இலத்தீன் வாக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் உரோமன் சட்டத்துக்கு உரை எழுதிய இத்தாலிய அறிஞர் அக்கூர்சியசின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். ஆகாயத்தில் காக்கை குருவியைத் தவிர வேறெதுவும் பறக்காத காலத்தில், பக்கத்து வீட்டுக் கூரை வேலிக்கு இப்பால் நீட்டிக்கொண்டிருப்பதையும் அயலவரின் மாமரக் கிளை நம் வளவுக்குள் தொங்குவதையும் தீர்த்து வைக்க அது போதுமாயிருந்தது. விமானம் வந்த பிறகு அந்த வாக்கை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்த எந்த நாட்டாலும் முடியவில்லை, ஏனெனில் அப்படிச் செய்தால் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு விமானமும் வழியிலுள்ள ஒவ்வொரு தென்னந்தோப்புக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

ஆகவே இன்று வான்வெளியை இரண்டு உரிமைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அரசின் இறைமை. 1944இல் சிகாகோவில் கைச்சாத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தின் முதலாம் உறுப்புரை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான இறைமை உண்டு என்கிறது. அதே சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை, விமானி இல்லாத வானூர்திகள் அந்தந்த அரசின் விசேட அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இலங்கையில் அந்த அதிகாரம் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியாகவும், 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சிவில் விமான சேவை அதிகார சபையின் வழியாகவும் செயற்படுகிறது. பறப்புக்கு அனுமதி தருவதோ மறுப்பதோ அந்தச் சபையின் வேலை. அதைத் தரும் அதிகாரம் எந்தத் துரைக்கும் இல்லை.

மற்றது, காணியை அனுபவிப்பவரின் உரிமை. இது முற்றாக ஒழிந்துவிடவில்லை. உயரம் மட்டும் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் கோழிப்பண்ணை வைத்திருந்த கோஸ்பி என்பவரின் காணிக்கு மேலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் இறங்கி ஏறின. வெருண்ட கோழிகள் சுவரில் மோதி ஏறத்தாழ 150 வரை செத்தன, பண்ணையே மூடப்பட்டது. 1946இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வானம் பொதுவழிதான், பழைய வாக்குக்கு நவீன உலகில் இடமில்லை என்று சொல்லியது. ஆயினும் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவுக்குத் தாழ்ந்த காற்றுவெளி உரிமையாளருக்கே உரியது என்று கூறி அவருக்கு நட்டஈடு கிடைக்க வழி செய்தது.

உங்கள் விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது இங்கிலாந்தில் 1977இல் தீர்க்கப்பட்ட பேர்ன்ஸ்டைன் வழக்கு. ஒரு நிறுவனம் விமானத்திலிருந்து ஒருவரின் வீட்டைப் படமெடுத்து, அந்தப் படத்தை அவரிடமே விற்க முயன்றது. அவர் அத்துமீறல் என்று வழக்கிட்டார். நிலத்தைச் சாதாரணமாக அனுபவிக்கத் தேவையான உயரத்துக்கு மேலே உரிமையாளருக்கு மற்றவர்களை விட அதிக உரிமை கிடையாது என்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரின் வீட்டை விடாமல் கண்காணித்து அவருடைய ஒவ்வோர் அசைவையும் படமெடுத்தால் அதைத் தொல்லையாகக் கருதி நிவாரணம் வழங்க நீதிமன்றம் தயங்காது என்றும் சொல்லி வைத்தார். இத்தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. வாதத்தில் எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான்.

இனி, மலையகத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். தோட்டத்தில் காணி உரிமையாளர் என்று யாரைச் சொல்வது? 1972, 1975 ஆண்டுகளின் காணி மறுசீரமைப்பால் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவை கம்பனிகளின் முகாமைக்கு ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. எனவே பெரும்பாலான தோட்டங்களில் மண்ணின் சொந்தக்காரர் அரசு, அனுபவ உரிமை கம்பனியிடம், அதில் வாழ்க்கை நடத்துகிறவர்கள் லயத்து மக்கள். கம்பனியிடம் இருக்கும் அனுபவ உரிமையின்படி, தன் நிலத்தில் யார் கால் வைக்கலாம், எங்கிருந்து ஒரு கருவியை எழுப்பி இறக்கலாம் என்று தீர்மானிக்க அதற்கு உரிமை உண்டு. கோயில் முன்றல் தோட்டக் காணிக்குள் இருந்தால், சின்னத்துரை சொன்னதில் சரியான பாதி அதுதான். ஆனால் வேறோர் இடத்திலிருந்து முறைப்படி எழுந்து, நியாயமான உயரத்தில் கடந்து போகிற ட்ரோனைக் கம்பனியின் வானம் என்று தடுக்க அவருக்கு ஆதாரம் குறைவு.

உங்கள் நண்பர் சொல்லும் 7 பேர்ச்சஸ் வழியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 7 பேர்ச்சஸ் 177 சதுர மீற்றர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 13 மீற்றருக்குச் சற்று மேலே. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் போகும் ட்ரோன் ஒன்றரை விநாடிக்குள் உங்கள் வானத்தைக் கடந்து பிறர் தலைக்கு மேலே போய்விடும். எழுப்பவும் இறக்கவும் உங்கள் வாசல் பயன்படும். அதற்கு மேல் அது எதையும் தீர்க்காது.

உங்களுக்கு உண்மையில் சட்டச் சிக்கல் வரக்கூடிய இடம் பீலிக்கரை. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால் எங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், ஒருவரின் மாண்பை வேண்டுமென்றே காயப்படுத்துவதற்கு எதிராக வழக்கிட வழி உண்டு. அந்தரங்கத்தில் தலையிடுவது அதற்குள் வரும். கவனிக்க வேண்டியது, அந்த உரிமை மனிதரோடு ஒட்டியது, காணியோடு ஒட்டியதன்று. அந்த அக்காவுக்கு ஓர் அங்குல நிலம்கூடச் சொந்தமாக இல்லாவிட்டாலும் அது அவருடையதுதான். கம்பனி உங்களுக்கு முத்திரை குத்திய கடிதமே தந்தாலும் அவருடைய அந்தரங்கத்தைக் கம்பனியால் உங்களுக்குத் தாரைவார்க்க முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு அத்துமீறல் குற்றத்தை வரையறுக்கும்போதும் உரிமையாளரைப் பற்றிப் பேசவில்லை, அந்த இடத்தில் குடியிருப்பவரை அல்லது அதை வைத்திருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறது. ட்ரோனை அனுப்புவது ஒருவர் நுழைவதற்குச் சமமா என்பது வாதத்துக்குரியது. எனினும் அந்த வாதத்தை நீதிவான் நீதிமன்றத்தில் நின்று நடத்த நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.


மறுமொழி: கலியாணப் படக்காரன், பண்டாரவளை

சட்டத்தரணி ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் பேச நான் ஆள் இல்லை. ஆனால் கேட்டவர் ஒரு விடயத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார், அதை அவர் துரையிடம் சிக்குவதற்கு முன்பே கவனித்திருக்க வேண்டும்.

249 கிராம் என்பது அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களின் 250 கிராம் எல்லைக்குக் கீழே நிற்பதற்காகவே செய்யப்பட்ட நிறை. இலங்கையின் எல்லை 200 கிராம். 200 கிராமுக்கு மேல் ஒரு கிலோ வரையுள்ளவை ஒரு வகை, அதற்கு மேல் 25 கிலோ வரை இன்னொரு வகை என்று அதிகார சபை பிரித்திருக்கிறது. உங்களுடையது பதிவு செய்ய வேண்டிய வகைக்குள் விழுகிறது. கடைக்காரர்கள் "இது 250க்குக் கீழே, ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லி விற்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது வேறு நாட்டுக் கணக்கு. ஒருகாலத்தில் ஜப்பானின் எல்லையும் 200 கிராமாக இருந்தது. அதற்காக அந்த நாட்டுக்கு மட்டும் சிறிய மின்கலத்தோடு 199 கிராமில் ஒரு மாதிரியைத் தனியாகச் செய்து விற்றார்கள். நமக்கு அப்படி யாரும் செய்து தரவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறப்புகள் இடைநிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அன்றிலிருந்து அதிகார சபையின் பதிவோடு பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் கேட்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். பொலிஸ் வந்தால் முதலில் கேட்பது காணிக்காரரின் கடிதத்தை அன்று, இந்தத் தாள்களைத்தான்.

இடங்களைப் பொறுத்தவரை, ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே எழுப்பக் கூடாது. தியத்தலாவவில் இராணுவ, விமானப்படை முகாம்கள் இருப்பதால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். கண்டியில் தலதா மாளிகையைச் சுற்றிலும் அப்படித்தான். காசல்றீ நீர்த்தேக்கத்தில் நீர்வானூர்தி இறங்குவதுண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தை விட எனக்குப் பழக்கமானது உயரம். இந்தச் சிறு ட்ரோன்கள் திரையில் காட்டும் உயரம் நீங்கள் எழுப்பிய இடத்திலிருந்து அளந்த உயரம், அது அப்போது எந்த நிலத்துக்கு மேலே நிற்கிறதோ அந்த நிலத்திலிருந்து அளந்ததன்று. காற்றழுத்தத்தை வைத்தே அது கணக்குப் போடுகிறது. கொழும்புக் காலிமுகத்திடலில் இந்த இரண்டும் ஒன்றுதான். தலவாக்கலையில் அப்படி இல்லை. மேட்டு லயத்து வாசலில் எழுப்பி 50 மீற்றரில் வைத்துப் பள்ளத்தாக்குப் பக்கம் ஓட்டினால், கீழே 150 மீற்றர் இறங்கும் இடத்தில் அது 200 மீற்றர் உயரத்தில் நிற்கும், திரையோ 50 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மறுபுறம், கீழே எழுப்பி அதே 50 மீற்றரில் மலைப்பக்கம் அனுப்பினால், தேயிலைச் சரிவு மெல்ல மெல்ல எழும்பி வந்து, நீங்கள் 50 மீற்றரில் இருப்பதாக நினைக்கும்போது மேல் வரிசைக்காரரின் கூடைக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 120 மீற்றர் எல்லையை மிக அருகிலுள்ள நிலப்புள்ளியிலிருந்து அளக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பீலிக்கரைக்கு மேலே உங்கள் திரை என்ன உயரத்தைக் காட்டியது என்பதையும், கோயில் முன்றலுக்கும் பீலிக்கும் இடையே எவ்வளவு உயர வித்தியாசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அக்கா தலைக்கு மேலேயே நின்றது என்று சொன்னது மிகை இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று. தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பி வரும் உயரத்தை, சுற்றிலும் உள்ள மேட்டையும் அதன் மேல் நிற்கும் மரங்களையும் கணக்கிட்டு எழுப்புவதற்கு முன்பே மாற்றி வையுங்கள். மலைமுகட்டுக்கு அப்பால் போனதும் சைகை அறும். திரும்பி வரும் வழியில் குறுக்கே மலை நிற்கும். விலை குறைந்த வகைகளில் முன்னால் உள்ள தடையை உணரும் கருவி இராது. ஒரு கலியாணத்தில் என்னுடையதை அப்படித்தான் டர்பன்டைன் மரத்தில் மாட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து மரமேறியைக் கூட்டிப்போய் எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.


மறுமொழி: பழைய கணக்கப்பிள்ளை, மஸ்கெலியா

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துரைமாருக்காகப் பரிந்து பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அவர்களிடம் நான் பட்டது எனக்குத் தெரியும். ஆனாலும் மலையில் ஆள் நிற்கும் நேரத்தில் தலைக்கு மேலே ஒரு பொருள் பறப்பதை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை இதுவரை யாரும் சொல்லவில்லை. அது குளவி.

எங்கள் பக்கத்தில் குளவிக் கொட்டு எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது, எத்தனை பேரைத் திரும்பி வராமலே செய்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூடு உயர்ந்த மரக்கொப்பிலோ கற்பாறை இடுக்கிலோ இருக்கும். கீழே நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் அதைக் கலைப்பது மனிதரும் அல்லர். பருந்து வந்து கூட்டைத் தட்டிவிட்டுப் போய்விடும், கொட்டு வாங்குகிறவர்கள் கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள். ஒரு தடவை என் மேற்பார்வையில் இருந்த வரிசையில் அப்படி நடந்தது. கூடையை எறிந்துவிட்டு ஓடுங்கள் என்று நான் கத்துகிறேன். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருந்ததால் ஒரு அம்மாவால் அதைச் சட்டென்று கழற்ற முடியவில்லை. படங்குச் சாக்கை எடுத்து அவர் மேல் போர்த்தினோம். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை.

பருந்தின் அளவில், பருந்து பறக்கும் உயரத்தில், தேனீக் கூட்டம் போல இரைந்துகொண்டு போகிற ஒரு கருவி அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று நான் பரீட்சித்துப் பார்க்கத் தயாராக இல்லை. எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று அந்த மலையில் தினமும் நிற்கிற கங்காணிக்கும் வாச்சருக்கும்தான் தெரியும். ஆகவே சட்டத்தரணி ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு: சட்டத்துக்குத் தேவையோ இல்லையோ, மலைக்கு மேலே பறப்பதென்றால் தோட்டத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் பறக்க வேண்டும். காரியாலயத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் பெரிய துரை மறுப்பது அபூர்வம். அறிவிக்காமல் செய்ததுதான் அவர்களுக்குக் கோபம். படமெடுத்துச் சம்பளப் போராட்டத்துக்குப் பயன்படுத்துவார்களோ, லயத்தின் நிலைமையை வெளியில் காட்டுவார்களோ என்ற பயமும் அவர்களுக்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பயத்தை நாம் மதிக்க வேண்டியதில்லை. குளவிப் பயத்தை மதிக்கத்தான் வேண்டும்.


மறுமொழி: கறுப்புக்கோட்டு, ஹட்டன்

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னது மாறுபாடே அன்று, நான் எழுத மறந்த பகுதி. கவனயீனத்தால் பிறருக்கு இழப்பு நேர்ந்தால் நட்டஈடு கோரும் வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தில் தனியாக உண்டு. குளவி கலைந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், பறந்த வானம் யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது; கூடு இருக்கக்கூடும் என்பதை நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டுமா, விசாரித்தீர்களா என்பதுதான் எழும். வாச்சரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.


மறுமொழி: கரும்பலகை, நுவரெலியா மாவட்டம்

நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். ஆகவே ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஐந்தாறு பேர் இருக்கும்போது, ஒரு பெண்ணுக்கு மறைவு என்று இருப்பது சுவர் அன்று, நேரம். இந்த நேரத்தில் ஆண்கள் பீலிப் பக்கம் போவதில்லை என்று ஊரே சொல்லாமல் வைத்திருக்கும் ஓர் ஒழுங்கு. அதுதான் எங்கள் மதில். எவ்வளவு உயரத்திலிருந்து பிடித்தாலும் ட்ரோனுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. படத்தில் விரல் நகம் அளவில்தான் தெரிந்தது என்று தம்பி எழுதியிருக்கிறார். கீழே நிற்கிறவருக்குத் தான் எந்த அளவில் தெரிகிறோம் என்பது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் மேலே ஒரு கண் இருக்கிறது, அது யாருடைய கண் என்று தெரியாது என்பதுதான். அவர் முன்னாலேயே அழித்தது நல்லது. ஆனால் அவர் ஒன்றும் சொல்லாமல் போனதை அவர் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.


மறுமொழி: பனிமலையான்

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அக்காவின் மறுமொழியை இரண்டு தடவை வாசித்தேன்.

பதிவுக்கான விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன். 249 கிராம் என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி இருந்தது என் பிழை. உயரத்தையும் சரிபார்த்தேன். பீலிக்கரைக்கு மேலே திரை 38 மீற்றர் காட்டியிருக்கிறது. கோயில் முன்றலிலிருந்து பீலிக்குப் பாதை கீழே இறங்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் மண்சரிவுக்குப் பிறகு பீலியை மேல் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்களாம், அது இப்போது முன்றலை விட உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ட்ரோன் அவர்களுக்கு மேலே 20 மீற்றருக்கும் குறைவாகவே நின்றிருக்கிறது. பத்து ஆண்டுகள் கொழும்பில் இருந்துவிட்டு, ஊரின் பீலி எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் ஊரைப் படம் பிடிக்கப் போயிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். வாச்சர் அன்று, இனிமேல் வந்தால் கல்லால் அடித்து விழுத்துவேன் என்றும் சொன்னார். அதற்கு அவருக்கு உரிமை உண்டா?


மறுமொழி: கறுப்புக்கோட்டு, ஹட்டன்

இல்லை. நீங்கள் பறந்தது பிழையாகவே இருந்தாலும், பிறர் உடைமையை வேண்டுமென்றே சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றம். அவர் செய்யக்கூடியது பொலிசில் முறையிடுவது. ஆனால் அந்த வாச்சரோடு இதைப் பேசித் தீர்க்க வேண்டாம். குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கப்போவது அவரிடம்தான்.


மறுமொழி: பனிமலையான்

கேட்டுவிட்டேன். நேற்று அம்மாவோடு போய், பொங்கலுக்குச் செய்த முறுக்கில் மிச்சம் இருந்ததையும் கொடுத்துப் பேசினோம். ஐந்தாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் பின்னாலுள்ள டர்பன்டைன் மரத்தில் ஒன்று, பாறைக்கு மேலே இரண்டு என்று கையைக் காட்டினார். அன்று நான் அந்த மரத்தைச் சுற்றித்தான் இரண்டு தடவை வந்திருக்கிறேன். காரியாலயத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பதிவு கிடைத்ததும் சேர்த்துக் கொடுப்பேன். கீழ் லயத்து அக்காவிடம் அம்மாவே பேசினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு பீலியில் யாரும் இருக்கமாட்டார்கள், எழுப்புவதற்கு முன் கீழே வந்து ஒரு குரல் கொடுக்கச் சொன்னாராம்.